கதவு மூடியிருந்தபோதும் புதுப்பித்த சந்தா

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களைப் பார்க்க யாருக்கும் கட்டணம் கிடையாது. ஆகவே ஆண்டுச் சந்தா கட்டுகிறவர், சிறப்புக் கண்காட்சிகளைத் தனிச் சீட்டு வாங்காமல் பார்ப்பதற்கும், உறுப்பினர் அறையில் சற்று ஓய்வாக உட்கார்வதற்குமே பெரும்பாலும் பணம் கொடுக்கிறார். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் கதவுகள் மூடப்பட்டபோது இவ்விரண்டும் ஒரே நாளில் இல்லாமற்போயின. இருந்தும் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நான் சந்தாவைப் புதுப்பித்தேன்.

முதற்காரணம், அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்று புதிய வடிவில் வெளியான இணையத் தொகுப்பு. ஏறத்தாழ 45 லட்சம் பொருட்களின் பதிவுகளும் 19 லட்சம் படங்களும் அதில் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில், ஆந்திராவின் அமராவதியிலிருந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அவற்றின் லண்டன் பங்கைத்தான் முதலில் தேடினேன். இருபுறமும் செதுக்கப்பட்ட ஒரு பலகைக் கல் அங்கே உண்டு. ஒருபுறம் போதிமரத்தடியில் வெறும் ஆசனம், அதை வணங்கி நிற்கும் அடியவர்கள். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழித்து அதே கல்லைத் திருப்பி, மறுபுறத்தில் முழுத் தூபியையே செதுக்கியிருக்கிறார்கள். கூடத்தில் பலமுறை கடந்து சென்றிருந்தும், பின்புறம் முன்புறத்தைவிடப் பழையது என்பதைச் சாப்பாட்டு மேசையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

இத்தொகுப்பு எல்லோருக்கும் இலவசம். பிறகு சந்தா எதற்கு என்று என் மனைவி கேட்டார். சீட்டு வருமானம் நின்றுபோன காலத்தில் இவ்வேலையைத் தொடர்ந்து செய்கிறவர்களுக்கு என் பங்கு போய்ச் சேரட்டும் என்றேன். அது நன்கொடை என்றார், மறுக்க முடியவில்லை.

நான் உறுப்பினராயிருந்த வேறொரு சிறிய அருங்காட்சியகம் மாதக்கணக்கில் ஒரு வரிகூட எழுதாமல், கதவு பூட்டியிருந்த நிலையிலேயே, “உங்களைக் காண ஆவலாயிருக்கிறோம்” என்ற வாசகத்தோடு புதுப்பிப்பு நினைவூட்டலை மட்டும் அனுப்பியது. அந்த உறவு அத்துடன் முடிந்தது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஆகஸ்ட் 27 அன்று நேரம் குறித்த முன்பதிவோடு மீண்டும் திறந்தது. செப்டம்பர் 24 அன்று தொடங்கிய தாந்திரீகக் கண்காட்சிக்கு, கூட்டம் குறையட்டும் என்று நவம்பர் இரண்டாம் வாரத்தில் நாள் குறித்தேன். நவம்பர் 5 அன்று இங்கிலாந்தில் இரண்டாம் முடக்கம் வந்தது. அக்கண்காட்சியைக் கடைசியில் காப்பாளரின் காணொளியில்தான் பார்த்தேன். விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் எந்தச் சிலைமுன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் காமிரா முடிவு செய்தது. பலகைக் கல்லின் படத்தில் எனக்கிருந்த சுதந்திரம் இதில் இல்லை. வீட்டில் அடைந்திருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படங்களையே.

2021 மே 17 அன்று மறுபடி திறந்தபின் போனபோது, உறுப்பினர் அறைப் பக்கம் போகாமல் நேரே அமராவதிக் கூடத்துக்குத்தான் நடந்தேன்.