ஆசிரியர்களுக்கான மரபு விளையாட்டுப் பயிலரங்கு: காலையை வெட்டுங்கள், மாலையை நீட்டுங்கள்

பி.எட். படிக்கிறவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் ஒருநாள் பயிலரங்கு, மதியச் சாப்பாட்டோடு 500 ரூபாய். காலை முழுக்க ஏசி அரங்கில் புரொஜெக்டர் போட்டு விளையாட்டு உணர்வைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். பாதிப் பேர் போனில் இருந்தார்கள்.

மைதானத்துக்கு வந்த பிறகுதான் கொடுத்த காசு செரித்தது. அணி சேர்க்கவே உத்தி பிரித்தல். ஏறக்குறைய சமமாக ஆடக்கூடிய இரண்டிரண்டு பேராகத் தள்ளிப்போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, "மல்லிகை வேணுமா, முல்லை வேணுமா" என்று தலைவர்களிடம் கேட்க வேண்டும்; தலைவர் சொன்ன பெயர்க்காரர் அவர் அணிக்கு, மற்றவர் எதிரணிக்கு. கேப்டன் ஆள் பார்த்து எடுக்கும்போது யாருக்கும் வேண்டாதவனாகக் கடைசியில் ஒரு பையன் நிற்பானே, அந்தப் பேச்சே இதில் இல்லை. மறுநாளே வகுப்பில் செய்யலாம், காலணா செலவில்லை.

அப்புறம் கிளித்தட்டு. சுண்ணாம்புக் கோடு போட்டு, கோடுகளைத் தாண்டி ஓடும் அணியை எதிரணியில் குறுக்குக்கோட்டுக்கு ஒருவர் மறித்து நிற்க, 'கிளி' என்கிற ஆட்டக்காரர் நடுக்கோட்டில் ஓடிவந்து தட்டுவார். பயிற்சியாளர் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார், அதுதான் அன்றைக்கு நடந்த ஆக நல்ல காரியம். முதல் ஆட்டத்திலேயே சண்டை. "தொட்டேன்." "துப்பட்டாவைத்தான் தொட்டீங்க, என்னை இல்ல." ஒருவர் அவுட் என்றால் மொத்த அணியும் வெளியே என்பதால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாரும் சாரைப் பார்க்கிறார்கள், அவர் வாயே திறக்கவில்லை. கடைசியில் அந்தத் துப்பட்டாக்காரரே "சரி, கை பட்டுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வர, அவர் அணியிலேயே இரண்டு பேர் முறைத்தார்கள். பிறகு மரத்தடியில் பேசியது அந்த முறைப்பைப் பற்றித்தான்: உண்மையைச் சொன்ன பிள்ளையை அதன் அணியே கரித்துக்கொட்டும்போது வாத்தியார் என்ன செய்வது? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், முடிவுக்கு வரவில்லை, ஆனால் காலைப் பாடத்தில் இந்தக் கேள்விகூட இல்லை.

இவ்வளவு செய்துவிட்டுக் கபடிக்கு மறுபடி விசில், ஸ்கோர் போர்டு, கோப்பை. 30 விநாடி ரெய்டு, போனஸ் கோடு என்று எல்லாம் டிவியில் பார்த்த விதிகள்தான், ஒவ்வொரு தொடலுக்கும் நடுவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வெயிலுக்கு ஒரு ஷாமியானாகூட இல்லை. சேலையில் வராதீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாததால் சிலர் ஓரமாக உட்கார்ந்து கைதட்டியதோடு சரி.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் சுடிதார், ஷூ, தண்ணீர் பாட்டிலோடு போங்கள். காலையில் தாமதமானாலும் பதற வேண்டாம், சான்றிதழ் மாலையில்தான் தருகிறார்கள்.