பணக்கொடை, வீடு, கூட வரும் ஆள்: அகதிகள் மறுவாழ்வுக்கு அரசுப் பணம் போகும் நான்கு வழிகள்

சென்ற ஜூன் மாதம், கோபாலசமுத்திரம் மறுவாழ்வு முகாமில் ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து கல்லூரி விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தோம். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். பெயர், பிறந்த தேதி, தாய்மொழி எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவள், ‘குடியுரிமை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டாள். “இதில் என்ன எழுத, அண்ணா?” என்றாள். அவள் பிறந்தது திருநெல்வேலியில். அம்மா பிறந்தது 1988இல், மண்டபம் முகாமில். அப்பா 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தபோது ஏழு வயதுப் பிள்ளை. இலங்கையைக் கண்ணால் பார்க்காதவள் ‘இலங்கை’ என்று எழுத வேண்டும். எழுதினால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்பார்களோ என்று பயம். ‘இந்தியா’ என்று எழுதினால் பொய் சொன்னதாகிவிடும்.

அன்று அந்த வீட்டில் அரசுப் பணம் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. ரேஷன் அரிசி மூட்டை மூலையில் இருந்தது. மானிய சிலிண்டர் இருந்தது. மாதாமாதம் பணக்கொடை வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ஒரு கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை. அகதிகளின் மறுவாழ்வுக்கு அரசு செலவிடும் பணம் எந்த வழியில் போனால் உண்மையில் ஒரு குடும்பம் காலூன்றும் என்ற கேள்வியை நான் அந்த வாசல்படியிலிருந்துதான் பார்க்கிறேன். நம் முகாம்களின் இன்றைய வழி, 1964க்குப் பின் நாமே கடைப்பிடித்த பழைய வழி, அமெரிக்காவின் வழி, கனடாவின் வழி என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் நம்முடையது. 1983 முதல் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்த கணக்குப்படி, அப்போது 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்ந்த வெளிப்பதிவாளர்கள் 34,087 பேர். அன்று அறிவிக்கப்பட்ட திட்டத்தின் மொத்தத் தொகை 317.40 கோடி ரூபாய். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியதும் அந்த வாரம்தான். குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. மற்ற பெரியவர்களுக்கு 750 என்பது 1,000 ஆகவும், குழந்தைகளுக்கு 400 என்பது 500 ஆகவும் கூடியது. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 3,500 ரூபாய் வருகிறது.

இந்தப் பணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் வெளிச்சுவர் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் அடுப்பு எரிவதே இதனால்தான். வீடுகளும் அப்படித்தான். பத்துக்குப் பத்து அறையில், தகரமும் தார்ச்சீட்டும் வேய்ந்த கூரையின் கீழ், கல்யாணமான மகனுக்குச் சேலையால் மறைப்புக் கட்டிக் கொடுத்த குடும்பங்களை அறிவேன். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231.54 கோடி ஒதுக்கியது, முப்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட கடனைத் தீர்க்கும் காரியம். 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் முதல்கட்ட வீடுகளைத் திறந்துவைத்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

ஆனால் அதே அறிவிப்பின் உட்பிரிவைப் பாருங்கள். வீடுகளுக்கும் அடிப்படை வசதிக்கும் 261.54 கோடி. வாழ்க்கைத்தர மேம்பாட்டுக்கு 43.61 கோடி. கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் 12.25 கோடி. நூற்றுக்கு நான்கு ரூபாய்கூடத் தேறவில்லை. முகாமில் தங்கியிருப்பதற்கான செலவும் முகாமிலிருந்து எழுந்து நடப்பதற்கான செலவும் ஒரே தலைப்பின் கீழ் எழுதப்படுகின்றன. எழுந்து நடக்கத்தான் பணம் குறைவு. பணக்கொடையோ செக்கிங்கோடு கட்டப்பட்டிருக்கிறது. வருவாய்த் துறையினர் தலை எண்ண வரும் நாளில் ஆள் இருந்தாக வேண்டும். கேரளத்தில் நல்ல கூலிக்கு வேலை எடுத்தவர், அந்த ஒரு நாளுக்காக இரவு பஸ் ஏறி வந்துவிட்டுத் திரும்புகிறார். வராவிட்டால் பெயர் விடுபடும், பணம் நிற்கும். வேலை தேடி நகர்ந்தவனை முகாமுக்கே இழுக்கும் கயிறாக உதவித்தொகை ஆகிவிடுவது இந்த வழியின் பெரிய குறை.

இரண்டாவது குறை, பணம் ஒரு கையிலும் அதிகாரம் இன்னொரு கையிலும் இருப்பது. முகாம் செலவை மாநிலம் செய்கிறது. நிவாரணச் செலவை ஒன்றிய அரசு திருப்பித் தருகிறது. குடியுரிமை தருவது ஒன்றிய அரசின் வேலை மட்டுமே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. ஆகவே மாநிலம் எவ்வளவு அழகான வீடு கட்டிக்கொடுத்தாலும், அந்த வீட்டுப் பெண் அரசு வேலைத் தேர்வு எழுத முடியாது.

இங்கேதான் 1964 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. அவர்கள் இந்தியக் குடிமக்களாக ஏற்கப்பட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அவர்களுக்காக அரசு செலவிட்ட வழி வேறு. நீலகிரியில் 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கி வேலை கொடுத்தது. பிறகு அவைதான் டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆயின. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்கென்றே 1969இல் ரெப்கோ வங்கி உருவானது. தொழிற்கடன் கொடுத்தார்கள், வீட்டுக்கடன் கொடுத்தார்கள்.

அது பொற்காலம் ஒன்றும் இல்லை. தேயிலை கிள்ளத் தெரிந்தவர்களுக்கு, வியாபாரமே அறியாதவர்களுக்கு, கடை வைக்கக் கடன் கொடுத்து முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிட்டார்கள். பணம் தரகர்களிடம் போனது. பலர் மறுபடியும் மலையைத் தேடிப் போய்க் கூலிகளானார்கள். கடன் கொடுக்க அரசு இருந்தது, அந்தக் கடனை வைத்து என்ன செய்யலாம் என்று கூட இருந்து சொல்ல ஆள் இல்லை. ஆயினும் ஒரு வித்தியாசம் தலைமுறை கடந்து நின்றது. அவர்களின் பிள்ளைகள் வாக்களித்தார்கள், தேர்வு எழுதினார்கள், நிலம் வாங்கினார்கள். அரசு செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் குடியுரிமைச் சான்றிதழ் உயிர் கொடுத்தது. அதே நாட்டிலிருந்து, அதே கடல் வழியாக, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, அஞ்ச வேண்டியது ஒன்று. 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தின் கீழ் அங்கே அரசு, தொண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, வருகிற தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. விமான நிலையத்தில் வரவேற்று, வீடு பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, வேலைக்கு வழிகாட்டும் ஊழியர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. முதல் கட்ட உதவி 90 நாட்களுக்கு. ஓராண்டு முடிந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். கூட வரும் ஆளுக்குச் சம்பளம் உண்டு என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அஞ்ச வேண்டியது, அந்தச் சம்பளம் தலைக்கணக்கில் தொங்குவது. வருகிறவர்களின் உச்சவரம்பை 2020ஆம் நிதியாண்டில் 18,000 ஆகக் குறைத்தார்கள். ஆட்கள் குறைந்ததும் ஊர்தோறும் இருந்த அலுவலகங்கள் மூடப்பட்டன. 2025 ஜனவரியில் திட்டமே நிறுத்திவைக்கப்பட்டது, பணமும் நின்றது. ஏற்கெனவே வந்து இறங்கிய குடும்பங்கள் நடுவழியில் நின்றன. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால், அந்த அனுபவம் மறுபடி வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆகும்.

கனடாவின் வழி எனக்குப் பிடித்தது. அங்கே இரண்டு வழிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. அரசே செலவேற்று அழைத்துவரும் அகதிகள் ஒருபுறம். இன்னொருபுறம் ஐந்து குடிமக்கள் சேர்ந்து, அல்லது ஒரு தேவாலயமோ சங்கமோ பொறுப்பேற்று, ஒரு குடும்பத்தை ஓராண்டு தாங்குவது. 1979, 1980 ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களை இப்படிப் பொதுமக்களே தாங்கினார்கள். 1986இல் அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் நான்சென் விருது கனடா மக்களுக்கே வழங்கப்பட்டது. அதே 1986 ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அந்நாட்டு மீனவர்கள் மீட்டார்கள். இங்கே முகாம்களில் உள்ள பலருக்கு ஒரு சித்தப்பாவோ மாமாவோ டொராண்டோவில் இருக்கிறார். அவர் இன்று கனடியக் குடிமகன், வீட்டுக்கடன் கட்டுகிறார், தேர்தலில் வாக்களிக்கிறார். கோபாலசமுத்திரத்தில் இருக்கும் அண்ணன் இன்னும் செக்கிங்குக்கு நிற்கிறார். இரண்டு அண்ணன் தம்பிகளின் உழைப்பிலோ அறிவிலோ குறை சொல்ல எதுவுமில்லை.

அண்டை வீட்டாரை நம்பும் வழிக்கும் எல்லை உண்டு. விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்ததால், 2024 நவம்பர் இறுதியில் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களைக் கனடா நிறுத்திவைத்தது. அரசின் கை தளர்ந்தால் மக்களின் கை மட்டும் போதாது.

அப்படியானால் நெல்லைச் சீமைக்கு எது பொருந்தும்? கோபாலசமுத்திரமும் பெருமாள்புரமும் ஒரே மாதிரி இல்லை. பெருமாள்புரம் பாளையங்கோட்டையின் நகர்ப்பகுதி. அங்கே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்வர அரை நாள் போதும். கோபாலசமுத்திரத்துக்காரர் முன்னீர்பள்ளம் வழியாக பஸ் பிடித்து வந்து, “நாளைக்கு வாருங்கள்” என்ற பதிலோடு திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. வெளிப்பதிவில் இருப்பவருக்கு இருக்கிற பணக்கொடையும் கிடையாது.

பணக்கொடையை ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது, வீடு கட்டுவதை நிறுத்தக் கூடாது. அதற்கு மேல், முகாமுக்கு ஒருவர் வீதம், காகித வேலைகளில் கூட இருந்து வழிகாட்ட, நிரந்தரச் சம்பளத்தில் சேவைப் பணியாளர் வேண்டும் என்பது என் முடிவு. மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால், 108 முகாம்களுக்கும் ஆண்டுக்கு 3 கோடியே 24 லட்சம் ஆகும். அன்று அறிவித்த 317.40 கோடியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. தலைக்கணக்கில் இல்லாமல் பணியிடக் கணக்கில் அந்தப் பணம் வர வேண்டும், அமெரிக்காவில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் இந்த வேலையை முகாம் மக்களைக் கொண்டே செய்துவருகிறது. பணியாளரும் முகாமுக்குள்ளிருந்தே வரலாம்.

அவருக்கு வேலை இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இதைச் சொல்லித்தான் பாஸ்போர்ட் பெற்றார். அதே தகுதி உள்ள எத்தனை பேரின் பிறப்புச் சான்றிதழ் எந்தத் தகரப் பெட்டியில் கிடக்கிறது என்று முகாம் முகாமாகப் போய்த் தேட ஓர் ஆள் வேண்டாமா? திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கும், இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டியிருக்கிறது. இருக்க விரும்பினாலும் போக விரும்பினாலும் காகிதம் வேண்டும். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. அந்த ஆணை யாருக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று முகாமில் கேட்டுப்பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும்.

அன்று விண்ணப்பத்தை எழுதி முடித்ததும், அந்தப் பெண்ணின் அம்மா உள்ளே போய் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். “எனக்கும் பாஸ்போர்ட் கிடைக்குமா தம்பி?” என்று கேட்டார். மார்ச் 1988 என்று இருந்தது. எட்டு மாதம் தாண்டிவிட்டது. சான்றிதழை மறுபடி மடித்து அவர் உறைக்குள் வைக்கும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் இப்போது பி.காம். படிக்கிறாள். குடியுரிமைக் கட்டத்தில் ‘இலங்கைத் தமிழர், மறுவாழ்வு முகாம்’ என்று எழுதி, முகாம் அடையாள அட்டையின் நகலையும் இணைத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். சென்ற மாதம் நான் போனபோது, அதே வாசல்படியில் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு உதவித்தொகைப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுப் பாட்டி தன் ரேஷன் அட்டையோடு முறைக்குக் காத்திருந்தார்.