7,200 ரூபாய் போச்சு: சண்டை ப்ளகின் வாங்கும் சர்வர்காரர்கள் கவனத்துக்கு

மைன்கிராஃப்ட் விளையாட்டில் பிவிபி (ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும்) சர்வர் நடத்துகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். கேம் ப்ளகின் (சர்வரில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்) விற்கும் ஓர் இணையச் சந்தையில் 7,200 ரூபாய்க்கு ஒரு சண்டை ப்ளகின் வாங்கி ஏமாந்து நிற்கிறேன். சண்டையில் செத்தவரின் பொருள்கள் தரையில் சிதறாமல் ஒரு பெட்டிக்குள் போய்விடும், கொன்றவர் திறந்து எடுத்துக்கொள்ளலாம். இதுதான் அதன் வேலை. தரையில் கிடந்தால் 5 நிமிடத்தில் மறைந்துவிடும், லாவாவில் விழுந்தால் எரிந்துவிடும் என்ற தொல்லை இருக்காது. "ஒரு பொருள்கூடத் தொலையாது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நம்ப வைத்தது டெமோதான். விற்றவரே தன் டெஸ்ட் சர்வருக்குக் கூப்பிட்டார். ஒரு வாள், நாலு கவசம், சாப்பிடக் கொஞ்சம் இறைச்சி, அவ்வளவுதான் அவர் பையில். செத்தார், பெட்டி வந்தது, திறந்தால் எல்லாம் அப்படியே இருந்தது. "பாத்தீங்கல்ல சார், தைரியமா போடுங்க" என்றார். அப்போதே 7,200 அனுப்பியாச்சு.

நிஜ சண்டைக்கு யாரும் காலிப் பையோடு வருவதில்லை. ஒரே இடத்தில் அடுக்க முடியாத போஷன்களாலேயே (மந்திர மருந்துப் புட்டிகள்) பை நிறைந்திருக்கும். அப்படி ஒருவர் செத்ததும் நெதரைட் (ஆட்டத்தின் உச்ச ரக உலோகம்) கவசம் நாலும் காணோம், கேடயம் காணோம். பெட்டியிலும் இல்லை, தரையிலும் இல்லை. ஆட வந்த பிள்ளைகள் அட்மின்தான் சுருட்டிவிட்டான் என்று திட்டுகிறார்கள்.

ஃபைலைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பச்சையாகத் தெரிகிறது. ஆட்டக்காரரிடம் இருப்பது பையில் 36 ஸ்லாட் (பொருள் வைக்கும் இடம்), கவசத்துக்கு 4, கேடயம் பிடிக்கும் இடது கைக்கு 1, ஆக 41. இவர்கள் வைத்தது ஒற்றைப் பெட்டி, அதில் 27தான். செத்தவரின் பொருள்களை சர்வர் வரிசையாகத் தரும்: முதலில் பை, அப்புறம் கவசம், கடைசியில் இடது கை. எல்லாம் தனித்தனிப் பொருளாக இருந்தால் 27-உடன் பெட்டி நிறைந்துவிடும். இடமில்லாமல் மிஞ்சியதை, பெட்டிக்குள் பொருள் போடும் addItem என்ற கட்டளை திருப்பித் தரும். அதை வாங்கித் தரையில் போட்டிருக்க வேண்டும். இவர்கள் வாங்கவே இல்லை. அடுத்த வரியிலேயே தரையில் விழவேண்டிய பொருள்களின் getDrops பட்டியலையும் துடைத்துவிட்டார்கள். ஹாட்பாருக்கு (திரையின் அடியில் எப்போதும் தெரியும் வரிசை) நேர் மேலே உள்ள வரிசையின் 9, கவசம் 4, கேடயம் 1, மொத்தம் 14 பொருள் அழிகிறது. இருப்பதிலேயே விலை உயர்ந்தது எதுவோ அதுதான் முதலில் போகிறது! இரட்டைப் பெட்டி வைத்தால் 54 இடம். அல்லது மிஞ்சியதைக் கீழே போட மூன்று வரி. 7,200 ரூபாய் வாங்கியவருக்கு அந்த மூன்று வரி எழுத மனமில்லை.

கேட்டதற்கு முதலில் "உங்க ப்ளேயர்ஸ் பொய் சொல்றாங்க" என்றார். வீடியோ அனுப்பியதும் "லேக் சார், ராம் ஏத்துங்க". அப்புறம் "வேற ப்ளகின் மோதுது". மற்ற ப்ளகின்களையெல்லாம் எடுத்துவிட்டு, இது மட்டும் இருக்கும்போதும் அதே 14 பொருள் போவதைக் காட்டியதும் பிளாக் செய்துவிட்டார். சந்தைக்காரர்களோ, டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை, விற்பனையாளரிடமே பேசுங்கள் என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். யாரிடம் பேசுவது? 7,200 ரூபாய் அங்கேயே நிற்கிறது.

வாங்கும் முன் சோதிப்பது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: பட்டறைக்கல்லில் 36 காகிதத்துக்கு 36 வேறு பெயர் வைத்துப் பையை நிரப்புங்கள் (பெயர் வேறானால் ஒன்றோடொன்று அடுக்காது), கவசம், கேடயம் மாட்டுங்கள், செத்துப் பாருங்கள், எண்ணுங்கள். 41 வராவிட்டால் வாங்காதீர்கள். சண்டை நடுவில் நெட்டைப் பிடுங்கியும் பாருங்கள். கீப் இன்வென்டரி (செத்தாலும் பொருள் கையிலேயே இருக்கும் அமைப்பு) போட்ட உலகிலும் பாருங்கள், அங்கே பொருள் இரட்டிப்பாகிறதா என்று. டெமோ அவர்கள் சர்வரில் வேண்டாம், உங்கள் சர்வரில் கேளுங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன்.