பிரேக்கிங் பேட், ஓசார்க்: யாருடைய சரிவு உண்மையான சரிவு?

பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முடித்தவர்கள் அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்டால் பலரும் ஓசார்க் தொடரைச் சொல்வார்கள். குடும்பத்துக்காக என்று சொல்லிக்கொண்டு போதைப்பொருள் கும்பலோடு சேரும் நடுத்தர வயதுக்காரர்கள்தான் இரண்டிலும். ஆனால் ஒரு மனிதன் கெட்டுப்போவதைப் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு பிரேக்கிங் பேடுக்குத்தான். (முக்கியத் திருப்பங்களைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

வால்டர் ஒயிட் ஆல்புகெர்க்கியில் வேதியியல் வாத்தியார். நுரையீரலில் புற்றுநோய். முதல் சீசனிலேயே பழைய நண்பர் எலியட் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வருகிறார். வால்டர் மறுத்துவிடுகிறார். போதைப்பொருள் தயாரிப்பிலிருந்து வெளியேற வழி இருந்தும் கர்வம் விடவில்லை. அதனால்தான் அதற்குப் பின் அவர் செய்யும் ஒவ்வொன்றும் அவர் கணக்கிலேயே சேர்கிறது.

அதற்கும் முன்னால் அந்தத் தட்டு. நிலவறையில் கட்டிப்போட்டிருக்கும் போதைப்பொருள் வியாபாரி க்ரேஸி எய்ட்டுக்கு ஓரம் வெட்டிய சாண்ட்விச் கொண்டுபோகிறார். கொல்லலாமா, விடலாமா என்று காகிதத்தில் பட்டியல் போடுகிறார். பேசிப் பழகி, சரி, விட்டுவிடலாம் என்று சாவி எடுக்க மேலே போனவர், குப்பையில் கிடக்கும் உடைந்த தட்டைச் சேர்த்துப் பார்க்கிறார். கத்தி போன்ற ஒரு சில்லு மட்டும் இல்லை. அது க்ரேஸி எய்ட்டிடம் இருக்கிறது என்று புரிகிறது, கொன்றுவிடுகிறார். இப்படி ஒரு கொலைக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட தொடர் அபூர்வம். பின்னாளில் அதே மனிதர் எவ்வளவு சுலபமாகக் கொல்கிறார் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால்தான் 62 எபிசோடுகளின் அருமை புரியும்.

ஓசார்க்கின் மார்ட்டி பேர்ட் கதை தொடங்கும்போதே கறைபட்டவர். சிகாகோவில் மெக்சிகோ கும்பலின் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் நிதி ஆலோசகர். தலைக்கு நேரே துப்பாக்கி, அதனால் மிசூரி மாநிலத்துக்கு ஓட்டம். அங்கே ரொக்கம் புரளும் தொழில்களை வளைத்துப்போட்டு, வராத வருமானத்தை வந்ததாகக் கணக்கு எழுதுகிறார். பணம் வெளுக்கும் இந்த வேலையை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில் ஓசார்க் ஒரு படி மேல். ஆனால் மார்ட்டி பிழைக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

அங்கே உண்மையில் சரிபவர் மனைவி வெண்டி. மூன்றாம் சீசனில், மனநோயோடு போராடும், ரகசியம் காக்கத் தெரியாத சொந்தத் தம்பி பென்னை ஓர் உணவகத்தில் உட்காரவைத்துவிட்டு, கும்பலின் ஆள் வந்து முடிக்கட்டும் என்று அழுதபடியே காரை எடுத்துக்கொண்டு போகிறார். வெண்டியாக நடிக்கும் லாரா லின்னியின் அந்த முகத்துக்கு ஈடாக பிரேக்கிங் பேடிலேயே ஒன்றிரண்டு காட்சிகள்தான் தேறும். வால்டரின் மனைவி ஸ்கைலருக்கு இந்த அளவு ஆழம் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

முடிவுகளும் நேரெதிர். வால்டர், இதெல்லாம் எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டு விலை கொடுக்கிறார், அவருடைய இளம் கூட்டாளி ஜெஸ்ஸி தப்பிக்கிறான். ஓசார்க்கில் பேர்ட் குடும்பம் தப்பிக்க, அவர்களிடம் வேலை பார்த்த உள்ளூர்ப் பெண் ரூத் சாகிறாள். பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு, 44 எபிசோடுகளில் ஓசார்க் மிக நேர்மையாக இருந்த இடம் இதுதான்.