டர்போ காருக்கு நாமே செய்யும் பூஸ்ட் மீட்டர்: புளூடூத்தா, கேன் பஸ்ஸா, சொந்த சென்சாரா?

டர்போ இன்ஜின் வைத்துக் கார் விற்கும் கம்பெனிகளில் பல, பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றில் வெளிக்காற்றைவிடக் கூடுதலாக உள்ள அழுத்தம், எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் ஓட்டுபவருக்குக் காட்டுவதில்லை. அந்த எண்ணை நாமே டேஷ்போர்டுக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. காரைச் சோதிக்க மெக்கானிக் கருவி செருகும் ஓபிடி போர்ட்டில் புளூடூத் அடாப்டர் செருகிப் போனில் பார்ப்பது ஒன்று. அதே போர்ட்டில் நம் சொந்த போர்டை காரின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற வயர் இணைப்போடு நேரடியாக இணைப்பது இன்னொன்று. காரின் சென்சாரை நம்பாமல், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் எடுத்துத் தனி பிரஷர் சென்சார் வைப்பது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதுக்குத்தான்.

புளூடூத் வழி மலிவு. வயர் வெட்ட வேண்டாம். இந்த அடாப்டர்களுக்குள் இருக்கும் இஎல்எம்327 சிப்பின் நகல்கள் எங்கும் கிடைக்கின்றன. ஆனால் இது கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் முறை. ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், பூஸ்ட் மூன்றையும் திரையில் வைத்தால் அடாப்டர் ஒவ்வொன்றாகத்தான் கேட்கும். டர்போவோ ஒன்றிரண்டு விநாடிக்குள் உச்சத்துக்குப் போய்விடும். அழுத்தம் மிகாமல் தடுக்கும் வேஸ்ட்கேட் வால்வு திறக்குமுன் வரும் எகிறல் இன்னும் குறுகியது. இரண்டு பதில்களுக்கு நடுவே வந்து போய்விடும். பூஸ்ட் மீட்டரில் பார்க்க வேண்டியதே அந்த எகிறலைத்தான். கேள்வியின் கடைசியில் '1' சேர்த்து அனுப்பினால், ஒரு பதில் வந்ததும் அடாப்டர் காத்திருப்பதை நிறுத்திவிடும். கொஞ்சம் வேகம் கூடும், அவ்வளவுதான். போர்ட்டின் 16-ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும் என்பதால், வண்டியை நிறுத்திவைக்கும் நாட்களில் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்.

கேன் பஸ்ஸோடு நேரடியாகப் பேசினால் இந்தத் தாமதம் பெருமளவு போய்விடும். இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே கேன் கன்ட்ரோலர் இருக்கிறது. அதைப் பஸ்ஸின் வயர்களோடு இணைக்க எஸ்என்65எச்விடி230 போன்ற ஒரு டிரான்ஸ்சீவர் போதும். 6-ஆம் பின் கேன் ஹை, 14-ஆம் பின் கேன் லோ. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: கடையில் கிடைக்கும் போர்டுகளில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஏற்கெனவே பொருத்தியிருக்கும். காரின் பஸ்ஸில் இரு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால் மொத்தம் 60 ஓம். நம்முடையதும் சேர்ந்தால் அது 40 ஆகும். ஆகவே அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட வேண்டும். வாரன்டியில் உள்ள காருக்கு இதுதான் சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான குறைகள் உண்டு. ஓபிடி தரும் மேனிஃபோல்ட் அழுத்தம் வழக்கமாக ஒரே ஒரு பைட்: 0 முதல் 255 கிலோபாஸ்கல் வரை, முழு எண்களில். கடல் மட்டத்தில் அது சுமார் 22 பிஎஸ்ஐ பூஸ்ட் வரைதான் தாங்கும். சாதாரண பெட்ரோல் காருக்கு அது தாராளம். இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்த டீசலில் எண் 255-லேயே நின்றுவிடலாம். அதைவிட முக்கியம், இன்ஜின் கணினியான இசியூ பார்க்கும் அதே சென்சாரைத்தான் நாமும் பார்க்கிறோம். அது எண்ணெயும் கரியும் படிந்து தவறாகக் காட்டினால் நம் மீட்டரும் அதே தவறைத்தான் காட்டும்.

சொந்த சென்சார் ஜெயிப்பது அந்த இரண்டாவது குறையில்தான். எம்பிஎக்ஸ்4250 என்ற சென்சார் 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரைதான் அளக்கும், எல்லை கூடாது. ஒரு கிலோபாஸ்கலுக்குச் சுமார் 20 மில்லிவோல்ட் மாறும். ஒரு மில்லிவிநாடியில் பதில் தரும். ஆர்டுவினோ ஊனோ போர்டில் வோல்ட்டை எண்ணாக மாற்றும் 10 பிட் ஏடிசியிலேயே கால் கிலோபாஸ்கல் வரை பிரித்துப் பார்க்கலாம். சென்சாரின் வெளியீடு அதற்குக் கொடுக்கும் 5 வோல்ட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். ஊனோ அதே 5 வோல்ட்டை அளவுகோலாக வைப்பதால் அந்தப் பிழை தானாகவே கழிந்துவிடும். இஎஸ்பி32-இல் அந்த வசதி இல்லை: 3.3 வோல்ட்டுக்கு இறக்க வேண்டும், ஏடிசியும் நேர்கோட்டில் இருக்காது. அதோடு ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சேர்ப்பது நல்லது.

இனி மலைப்பாதை. சென்சார் காட்டுவது முழு அழுத்தம். அதிலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால்தான் பூஸ்ட். எப்போதும் 101 கிலோபாஸ்கலைக் கழித்தால், காற்றழுத்தம் சுமார் 77 மட்டுமே உள்ள ஊட்டியில் மீட்டர் 3 பிஎஸ்ஐக்கு மேல் குறைத்துக் காட்டும். சாவி போட்டதும் ஒருமுறை அளந்து வைப்பதும் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி மேலே ஏறுபவருக்குப் போதாது. கேபினுக்குள் பிஎம்பி280 என்ற காற்றழுத்த சென்சார் ஒன்றை வைத்தால் வழி நெடுக வெளிக்காற்றை அளந்துகொண்டே வரும். செலவும் அதிகமில்லை.

உழைப்பு இதில்தான் அதிகம். மேனிஃபோல்டிலிருந்து ஹோஸைப் பிரிக்கும் டி (T) இணைப்பு கசியவே கூடாது. பிரேக் பூஸ்டர் ஹோஸைத் தொடவே தொடாதீர்கள்: காற்றை ஒரே திசையில் விடும் செக் வால்வைத் தாண்டிய பக்கத்தில் பூஸ்ட் தெரியாது, ஆபத்து மட்டும் பிரேக்குக்கு வரும். இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, 4 மில்லிமீட்டர் சிலிகான் ஹோஸ் வழியாக கேபினுக்குள் கொண்டுவந்து சென்சாரை வையுங்கள். மின்சாரத்துக்கு ஃபியூஸ், எகிறல்களைத் தடுக்கும் டிவிஎஸ் டயோடு, வோல்ட்டை இறக்கும் பக் கன்வெர்ட்டர் மூன்றும் வேண்டும். ஓடும் காரில் 14 வோல்ட்டுக்கு மேலும் வரும், திடீர் எகிறல்களும் வரும். திரைக்கு 1.28 அங்குல வட்ட ஐபிஎஸ் வாங்குங்கள். 52 மில்லிமீட்டர் மீட்டர் கூட்டுக்குள் அடங்கும்.

புளூடூத் அடாப்டர் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கட்டி முடித்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஓபிடி காட்டும் மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் உங்கள் சென்சாரின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் வந்தால், முதலில் எர்த் வயரையும் 5 வோல்ட் சப்ளையையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள்.