தயிரா, யாகுல்ட்டா, கேழ்வரகுக் கூழா: குடலுக்கு எது நல்லது?

போன டிசம்பரில் அத்தைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு. டாக்டர் ஒரு ப்ரோபயாடிக், அதாவது நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். என் கணவர் யாகுல்ட் என்ற புளித்த பால் பானம் வாங்கி வந்தார், மகள் கொம்புச்சா வாங்கி வந்தாள். அத்தையோ, "எனக்குக் கொஞ்சம் மோர் கரைச்சுக் குடும்மா, போதும்" என்றார். பெங்களூரு அல்சூரில் எங்கள் சின்ன ஃப்ரிட்ஜில் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எது எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

காப்ஸ்யூலுக்கு உள்ள வேலை தெளிவானது. ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது, வயிறு அதனால்தான் கலங்குகிறது. அத்தையின் காப்ஸ்யூலில் இருந்த சாக்கரோமைசிஸ் பூலார்டி என்பது பாக்டீரியா இல்லை, ஒரு வகை ஈஸ்ட். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. அதனால் மருந்து சாப்பிடும் நாட்களில் அது கைகொடுக்கிறது. அந்த ஒரு வாரத்துக்கு என் ஓட்டு காப்ஸ்யூலுக்குத்தான்.

ஆனால் மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அதை விழுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அது வேண்டாம் என்பேன். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு 11 வகை பாக்டீரியா கலந்த ப்ரோபயாடிக் எடுத்தவர்களுக்கு, ஒன்றுமே எடுக்காதவர்களைவிட, சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்பி வர அதிக நாள் பிடித்தது. வந்த விருந்தாளிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வீட்டுக்காரர்கள் வாசலில் காத்திருந்த கதை. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் காப்ஸ்யூல்களைத் தொடவே கூடாது.

யாகுல்ட்டின் பலம் அதன் கணக்கு. ஜப்பானின் மினோரு ஷிரோட்டா 1930-ல் பிரித்தெடுத்து வளர்த்த பாக்டீரியாதான் அதில் இருக்கிறது. 1935-ல் பானமாக விற்பனைக்கு வந்தது. இங்கே கிடைக்கும் 65 மில்லி குப்பியில் 650 கோடி இருக்கின்றன என்று அச்சிட்டே கொடுக்கிறார்கள். என்ன வகை, எத்தனை என்று வீட்டுத் தயிரில் யாராலும் சொல்ல முடியாது. சரி, கூடவே சுமார் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் உள்ளே போகிறதே. சர்க்கரை நோய் உள்ள அத்தைக்கு அதைத் தினமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொம்புச்சாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இனிப்புத் தேநீரைப் புளிக்கவைத்த பானம், சுவை நன்றாக இருக்கிறது, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. மகள் ஆசைக்குக் குடிக்கட்டும். வயிற்றுக்கு மருந்து என்று நான் வாங்க மாட்டேன்.

புளித்தவற்றில் தயிர்தான் தினசரிக்கு என் தேர்வு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையில் உறை ஊற்றுகிற மாதிரி இங்கே ஊற்றினால் காலையில் பால் பாலாகவே இருக்கும். பால் விரல் பொறுக்கிற சூட்டில் இருக்க வேண்டும், உறைமோர் வழக்கத்தைவிட அரைக் கரண்டி கூட வேண்டும். பாத்திரத்தை ஹாட்பாக்ஸுக்குள் வைத்து மேலே ஒரு பழைய துண்டைச் சுற்றிவிட்டால் காலையில் கெட்டியாக இருக்கும். நேரமில்லாத நாளில் நந்தினி பாக்கெட் தயிரும் நல்லதுதான், அதிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் கெடாத அட்டைப்பெட்டி மோர் வேறு, அது நன்றாகச் சூடுபடுத்தி அடைத்தது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும், பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது மட்டும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தயிரிலுள்ள கால்சியம் சில மருந்துகளை உடம்பில் சேரவிடாது.

இட்லியும் புளித்த உணவுதானே என்று கேட்பார்கள். மாவில் இருக்கும் பாக்டீரியா ஆவியில் செத்துவிடும். மோர்க்குழம்பிலும் அதே கதைதான். இட்லி எளிதில் செரிக்கும், அந்த வகையில் நல்லது. உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் பழைய சோறுதான். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத மாவுச்சத்தாக மாறிப் பெருங்குடல் வரை போகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. ஆனால் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், காலையில் சாப்பிட்டுவிட வேண்டும். பிசுபிசுப்போ கெட்ட வாடையோ இருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் விடும் நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது.

கேழ்வரகை இந்த வரிசையில் முதலில் வைக்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து, வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாரைக் குடல் பாக்டீரியா நொதிக்கவைக்கும்போது ப்யூட்ரேட் என்ற கொழுப்பு அமிலம் உண்டாகிறது, பெருங்குடலின் உட்சுவர் செல்கள் அதைத்தான் எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. காப்ஸ்யூலிலும் குப்பியிலும் வருகிற பாக்டீரியா பெரும்பாலும் சில நாளில் வெளியேறிவிடும். உள்ளே நிரந்தரமாகக் குடியிருப்பவற்றுக்குச் சாப்பாடு போடுவது நார்தான்.

எனக்கு எதிரான ஓர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து 10 வாரம் சாப்பிட வைத்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. தயிர் போன்ற புளித்த உணவு சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகை கூடியது, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார் மட்டும் கூட்டியவர்களுக்கு வகை கூடவில்லை. பத்து வாரம் நாருக்குப் போதாமல் இருந்திருக்கலாம். எப்படியும் நாரும் புளிப்பும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கும்போது ஒன்றைவிட்டு ஒன்றை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்? கிருஷ்ணகிரிப் பக்கம் அத்தை குடித்து வளர்ந்த, இரவு கரைத்துப் புளிக்கவைத்துக் காலையில் காய்ச்சிய கூழும், ஆறியபின் அதில் ஊற்றும் மோரும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் அதைத்தான் செய்கின்றன.

ஒரேயடியாக நாரைக் கூட்டினால் வயிறு பொருமும். நாங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் என்று தொடங்கி மெதுவாகக் கூட்டினோம். ஐபிஎஸ் (IBS) என்ற குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு வெங்காயமும் பயறும் தொல்லை தரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றிருந்தால் கூழையும் மோரையும் நம்பி உட்காராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அத்தைக்கு வயிறு சரியாகி இப்போது தினமும் காலை கூழ். அவருக்கு மோர் வேண்டுமே என்று இரவு பால் காய்ச்சி உறை ஊற்றுவது மகளின் வேலையாகிவிட்டது. டிசம்பரில் துண்டு சுற்ற வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.