கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா, பப்மெட்டா? மண்டபம் கரை ஆய்வாளரின் சைட்டேஷனை எங்கே எண்ணுவது

கஞ்சிப்பாசியிலும் கடல் அட்டையிலும் மருந்துப் பொருள் தேடும் ஆய்வாளர் ஒருவரின் பயோடேட்டாவில் ஹெச்-இன்டெக்ஸ் 14 என்று போட்டிருந்தால், எந்தத் தளத்தில் எடுத்த 14 என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறைந்தது 14 மேற்கோள் (சைட்டேஷன்) பெற்ற கட்டுரைகள் 14 உண்டு என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஒரே ஆளுக்குக் கூகுளின் இலவசத் தேடுதளமான ஸ்காலர் காட்டும் எண்ணைவிட, சந்தா தரவுத்தளமான ஸ்கோபஸ் காட்டுவது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். காரணம், இரண்டும் வலை வீசும் பரப்பு வேறு.

ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். 1947இல் தொடங்கி, மண்டபத்தில் இயங்கி, பிறகு தலைமையகம் கொச்சிக்குப் போன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய அறிக்கைகள் அதன் 'ஈபிரிண்ட்ஸ்' என்ற இணையக் களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு வரும் மேற்கோள்களைத் தேடிப் பிடிக்க ஸ்காலர்தான் நல்ல வழி. மன்னார் வளைகுடா உயிரினங்களைப் பற்றி எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. குறை என்னவென்றால், அங்கே வடிகட்டல் கிடையாது. ஒரே கட்டுரை இரண்டு பதிவாக நிற்கும், அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரையும் வந்து ஒட்டிக்கொள்ளும். சுயவிவரப் பக்கத்தில் இரட்டைப் பதிவுகளைத் தேர்ந்து 'மெர்ஜ்' கொடுக்க வேண்டும். கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுவது நல்லது.

ஸ்கோபஸில் சிக்கல் நேர் எதிரானது. தேர்ந்தெடுத்த வெளியீடுகள் மட்டுமே என்பதால் எண் சுத்தம், ஆனால் நம் பெயர்கள் அங்கே உடைகின்றன. குடும்பப் பெயர் இல்லாத நம் ஊரில் ஒருவர் ஒரு கட்டுரையில் முன்னெழுத்தோடும், அடுத்ததில் அப்பா பெயரை விரித்தும் எழுதுவார். விரித்த அப்பா பெயரையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அவருக்கே இரண்டு மூன்று ஆசிரியர் எண்களை ஸ்கோபஸ் கொடுத்துவிடும். பத்து கட்டுரை இங்கே, ஆறு அங்கே என்று பிரிந்தால் ஹெச்-இன்டெக்ஸ் சரிந்துபோகும். சந்தா இல்லாமலே பிரிவியூ பக்கத்தில் பெயரைத் தேடி எல்லா எண்களையும் குறித்துக்கொண்டு, 'ஆத்தர் ஃபீட்பேக் விசார்ட்' வழியாக ஒன்றாக்கச் சொல்லிக் கேட்கலாம். அதோடு, ஆய்வாளருக்கென்று தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்சிட் அடையாள எண்ணையும் இணைத்துவிட வேண்டும். சந்தா உள்ள நிறுவனத்தில், தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் பார்க்கலாம். அந்தக் கழித்த எண்ணை அவசியம் கேளுங்கள்.

ஸ்கோபஸ் போன்ற இன்னொரு சந்தா தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸ் இன்னும் கறாரானது. இங்குள்ள பெரும்பாலான தேவைகளுக்கு ஸ்கோபஸே போதும்.

மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட், சைட்டேஷன் எண்ணும் கருவியாக உருவானதல்ல. அதை வைத்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஹெச்) நடத்தும் ஐசைட் என்ற இலவசத் தளம், கட்டுரைக்குக் கட்டுரை ஆர்சிஆர் என்ற ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் தருகிறது. அந்தத் துறையையும் வெளியான ஆண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, என்ஐஹெச் நிதி பெற்ற கட்டுரைகளின் நடுமதிப்பை 1.0 என்று வைக்கிறது. ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்கு இது நன்றாகப் பொருந்தும். பாசி ஆய்வாளருக்குப் பாதிதான் பொருந்தும். அவருடைய 'மரைன் டிரக்ஸ்' கட்டுரை அங்கே இருக்கும். பாசி வளர்ப்பு, மீன்வளம் சார்ந்த பல இதழ்கள் பப்மெட்டிலேயே வராது.

2005இல் ஹிர்ஷ் முன்வைத்த ஹெச்-இன்டெக்ஸ் மறைப்பதையும் பார்க்கலாம். ஒருவருக்குக் கட்டுரைவாரியாக 90, 40, 22, 9, 6, 5, 3 மேற்கோள். இன்னொருவருக்கு 7, 7, 6, 6, 5. இரண்டு பேருக்கும் ஹெச்-இன்டெக்ஸ் 5தான். மொத்த மேற்கோள் ஒருவருக்கு 175, மற்றவருக்கு 31. குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகளை எண்ணும் ஐ10 பார்த்தால் ஒருவருக்கு 3, மற்றவருக்கு 0. அந்த 90 எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஆய்வுக் கட்டுரையைவிட, பிறர் ஆய்வுகளைத் திரட்டி எழுதும் தொகுப்புக் கட்டுரை பொதுவாக அதிகம் மேற்கோள் பெறும். உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற, நூற்றுக்கணக்கானோர் பெயர் போடும் கட்டுரை ஒன்றே மொத்த எண்ணைத் தூக்கி நிறுத்திவிடும். அதில் பங்கேற்றது தவறில்லை, தனி ஆளின் அளவுகோலாக அதை எடுப்பதுதான் தவறு. உயிர்மருத்துவத்தில் முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. அந்த இரண்டு இடங்களில் வந்தவற்றை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள்.

தொண்டியிலோ மண்டபத்திலோ பிஎச்.டி. கைடு தேடும் மாணவருக்கு நாம் சொல்வது: ஸ்காலரில் தேடுங்கள், ஸ்கோபஸில் எண்ணுங்கள், ஐசைட்டில் ஒப்பிடுங்கள். இம்பேக்ட் ஃபேக்டர் இதழுக்கு உரியது, முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு ஓர் ஆண்டில் வந்த மேற்கோள்களின் சராசரி. ஆளை அளக்க அது உதவாது. ஸ்கோபஸ் கைவிட்ட இதழ்களில் வந்த பழைய கட்டுரைகள் பொதுவாகப் பட்டியலிலேயே தங்கிவிடும், எனவே கைவிட்ட இதழ்களின் பட்டியலை இறக்கி ஒப்பிட வேண்டும். கட்டுரைகளின் டிஓஐ எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக இலவசமாகக் கிடைக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தொகுப்பில், தவறு அல்லது மோசடி காரணமாகத் திரும்பப் பெற்ற கட்டுரைகள் உண்டா என்று ஆசிரியர் பெயரை எல்லா வடிவத்திலும் போட்டுத் தேடுங்கள். எடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் எழுதி வையுங்கள்.